வயிற்றுப் பூச்சி வயிற்றில் பெருகுவதில்லை

குழந்தை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி. கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூச்சி. சாப்பிட மறுத்தாலும் பூச்சி, ஓயாமல் தின்றாலும் பூச்சி. இனிப்பு கேட்டு அடம்பிடித்தால் கேட்கவே வேண்டாம். நம் மொழி இந்தச் சொல்லை வயிற்றோடு நிறுத்தவும் இல்லை. சொத்தைப் பல்லுக்குப் 'பூச்சிப்பல்' என்று பெயர். தலையில் வட்டமாக முடி கொட்டினால் 'புழுவெட்டு'. முன்னதில் பல்லை அரிப்பது வாயில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலம். பின்னதில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேர்களைத் தாக்குகின்றன. இரண்டிலும் புழு கிடையாது.

வயிற்று விஷயத்தில் மட்டும் புழு உண்மை. மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் ஏறத்தாழ 150 கோடிப் பேரின் உடலில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். இத்தனை பேரைத் தொட்ட ஒரு நோயைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன: உள்ளே போன ஒரு புழு அங்கேயே குஞ்சு பொரித்துப் பெருகி வயிற்றை நிரப்பிவிடும் என்ற நினைப்பு. அப்படி நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பது பிடிபட்டால், இந்த நோய் எப்படி வருகிறது, மாத்திரை போட்ட பிறகும் ஏன் திரும்புகிறது, எங்கே வைத்து அதை நிறுத்த முடியும் என்பவை எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

எந்தப் புழுவைப் பற்றிப் பேசுகிறோம்?

இன்னொரு உயிரின் உடலில் தங்கி, அதன் செலவில் வாழும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். இடம் கொடுக்கும் உயிர் ஓம்புயிர். இங்கே ஓம்புயிர் மனிதர், ஒட்டுண்ணி உருளைப்புழு.

உருளைப்புழுவைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலை உருட்டிவைத்தது போல இருக்கும். இரு முனையும் கூர்த்து, நடுவில் சற்றுப் பருத்து, மேலே வழவழப்பான தோல். மண்புழுவுக்கு உள்ளதுபோல் வளையம் வளையமான கணுக்கள் இதற்கு இல்லை. 'நாக்குப்பூச்சி' என்ற பெயர் குடற்புழுவுக்கும் மண்புழுவுக்கும் சேர்த்தே வழங்குவதால் இரண்டையும் ஒரே இனமென்று எண்ணுபவர்கள் உண்டு; உறவே இல்லாத இரு கூட்டங்கள் அவை. பட்டையாக, துண்டு துண்டாக நீளும் நாடாப்புழுவும் வேறு கூட்டம்தான். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தோல் வழியாகவே உணவை உறிஞ்சிக்கொள்ளும். உருளைப்புழுவுக்கு வாய் முதல் மலவாய் வரை ஒரு முழுக் குடல் இருக்கிறது. குழாய்க்குள் இன்னொரு குழாய் என்று அதன் உடலமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உருளைப்புழுக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதரைத் தொடுவதே இல்லை. ஒரு பிடி மண்ணிலும் கடலடிச் சேற்றிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்ந்து மடிகின்றன. மனிதக் குடலைத் தேர்ந்துகொண்டவை சில இனங்களே. அவற்றில் நான்கை அறிந்தால் போதும். ஒன்று, அஸ்காரிஸ், நாக்குப்பூச்சி என்று பொதுவாகச் சொல்லப்படும் நீளப் புழு. அடுத்தவை கொக்கிப்புழுவும் சாட்டைப்புழுவும். நான்காவது, கீரிப்பூச்சி என்றும் ஊசிப்புழு என்றும் வழங்கும் சின்ன வெள்ளைப் புழு. இவை தவிர, குடலை விட்டு உடலின் பிற பகுதிகளுக்குப் போய்த் தங்கும் உறவினர்களும் உண்டு. அவர்களைக் கடைசியில் பார்க்கலாம்.

பஸ்ஸில் ஏறியவர்கள்தான் பஸ்ஸில் இருப்பார்கள்

காய்ச்சல் தரும் பாக்டீரியாவையும் வைரஸையும் பற்றி நமக்கு ஒரு பழக்கமான சித்திரம் இருக்கிறது. சில கிருமிகள் நுழைகின்றன. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, சில நாளில் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. காய்ந்த புல்லில் விழுந்த நெருப்புப் பொறி போல. எவ்வளவு சிறிய பொறி என்பது அங்கே பெரிய கணக்கில்லை.

அதே சித்திரத்தைக் குடற்புழுவின் மீதும் ஒட்டிவைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. குடற்புழு ஓடும் பஸ்ஸின் பயணி. பஸ்ஸுக்குள் யாரும் பிறப்பதில்லை. நிறுத்தத்தில் ஏறியவர்கள் மட்டுமே உள்ளே இருப்பார்கள். பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேர் ஏறினார்கள் என்று பொருள். ஒருவர் குடலில் பத்து அஸ்காரிஸ் புழுக்கள் இருந்தால், குறைந்தது பத்து முட்டைகளை அவர் தனித்தனியாக, வெளியிலிருந்து விழுங்கியிருக்கிறார்.

ஆனால் பெண் அஸ்காரிஸ் ஒரு நாளில் 2 லட்சம் முட்டைகள் வரை இடுகிறதே, அவை என்ன ஆகின்றன? எல்லாம் மலத்தோடு வெளியே போகின்றன. குடலுக்குள் அவை பொரிப்பதில்லை. பொரிக்கும் நிலையிலேயே அவை இல்லை.

முட்டையை விதையாகப் பாருங்கள்

மரத்தில் தொங்கும் பழத்துக்குள் இருக்கும் விதை அங்கேயே முளைப்பதில்லை. மண்ணில் விழ வேண்டும், ஈரம் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், சில நாள் பொறுக்கவும் வேண்டும். அஸ்காரிஸ் முட்டைக்கும் இதேதான். புதிதாக வெளியேறிய முட்டைக்குள் புழு இல்லை. இனிமேல் பிளவுபட்டு வளர வேண்டிய ஒற்றை உயிரணுதான் இருக்கிறது. அது வளர ஆக்ஸிஜன் தேவை. குடலில் அது மிகக் குறைவு. நிழலான, ஈரமான, வெதுவெதுப்பான மண்ணில் சுமார் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்த பிறகே முட்டைக்குள் இளம்புழு உருவாகிறது. முட்டையிலிருந்து முழுப் புழுவாவதற்கு இடைப்பட்ட பருவத்துக்கே இளம்புழு என்று பெயர். அந்த நிலைக்கு வந்த முட்டை மட்டுமே அடுத்தவருக்கு நோய் தரும்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. பலர் இதை நம்ப மறுக்கிறார்கள்: அஸ்காரிஸ் இருப்பவரைத் தொட்டாலோ, அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே படுக்கையில் படுத்தாலோ அந்தப் புழு தொற்றாது. அவர் உடலிலிருந்து வெளிவந்த முட்டை இன்னும் பழுக்காத விதை. அதற்கு மண்ணில் சில வார வாசம் மிச்சமிருக்கிறது. அஸ்காரிஸ் இருக்கிறது என்று தெரிந்த ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு சேரவிடாமல் ஒதுக்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. அந்தக் கொடுமைக்கு உயிரியலில் ஓர் ஆதாரமும் இல்லை.

முட்டையின் ஓடு இன்னொரு ஆச்சரியம். பல அடுக்குகள் கொண்ட அந்த ஓட்டைப் பெரும்பாலான ரசாயனங்களால் ஊடுருவ முடியாது. உயிரினங்களின் உடலைப் பதப்படுத்திவைக்கப் பயன்படும் ஃபார்மலினை நீர்க்கச் செய்து, அந்தக் கரைசலிலேயே ஆய்வுக்கூடங்களில் இந்த முட்டைகளை வளர்க்கிறார்கள். உள்ளே புழு நிம்மதியாக உருவாகிறது. தகுந்த மண்ணில் முட்டை ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதைக் கொல்வது வெப்பமும் வறட்சியும் நேர் வெயிலும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது முட்டை சாவதில்லை, தேய்ப்பிலும் நீரோட்டத்திலும் தோலை விட்டு அகன்றுபோகிறது. ஆல்கஹால் கலந்த கைக்கழுவியைத் தடவிக்கொண்டால் அந்த அகற்றல் நடப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உள்ளே இருக்கும் புழுக்களின் எண்ணிக்கை, விழுங்கிய முட்டைகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. உள்ளே இடப்படும் முட்டை வெளியே போய்ச் சில வாரம் மண்ணில் கிடந்தால்தான் அடுத்த தலைமுறை உருவாகும். புழுவின் வாழ்க்கையில் பாதி நம் குடலில், மறு பாதி மண்ணில்.

குடலுக்கு வந்தும் குடலில் தங்காத புழு

முட்டை வாய்வழியே போகிறது, குடலில் பொரிக்கிறது. அங்கேயே இருந்து வளர்ந்தால் கதை எளிமையாக முடிந்திருக்கும். அஸ்காரிஸ் அப்படிச் செய்வதில்லை. பொரித்த இளம்புழு குடற்சுவரைத் துளைத்து இரத்தக் குழாய்க்குள் இறங்குகிறது. கல்லீரலைக் கடந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலை அடைகிறது. அங்கே சுமார் இரண்டு வாரம் தங்கி வளர்கிறது. பிறகு காற்றறைகளை உடைத்துக்கொண்டு மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறுகிறது. நாம் எச்சிலோடு சேர்த்து அறியாமல் விழுங்கிவிடுகிறோம். இரண்டாவது முறையாகக் குடலுக்கு வந்து சேர்ந்த பிறகே அது தங்கி வளர்ந்து முழுப் புழுவாகிறது. முட்டையை விழுங்கிய நாளிலிருந்து, உள்ளே வளர்ந்த பெண் புழு முட்டையிடும் நாள் வரை இரண்டு மூன்று மாதம் ஆகிறது.

இந்தச் சுற்றுப் பாதையை மனிதரில் உறுதிப்படுத்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கோயினோ 1922-இல் தன் உடலையே பயன்படுத்தினார். 2,000 அஸ்காரிஸ் முட்டைகளை விழுங்கினார். சில நாளில் மூச்சுத் திணறலும் காய்ச்சலுமாக விழுந்தார். அவருடைய சளியில் இளம்புழுக்கள் வந்தன. அவரைப் பின்பற்றும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக வரும் உண்மைக்கு ஒருவர் கொடுத்த விலை அது என்பதை மறக்கவும் முடியவில்லை.

பயணம் தெரிந்தால் இரண்டு குழப்பங்கள் தீர்கின்றன. புழுத் தொற்றின் தொடக்கத்தில் சிலருக்கு இருமலும் இளைப்பும் வருவது ஏன் என்பது ஒன்று: அப்போது புழு இருப்பது நுரையீரலில். அதே நாளில் மலத்தைப் பரிசோதித்தால் ஒன்றும் தெரியாது என்பது மற்றது: முட்டையிடும் புழு இன்னும் உருவாகவில்லை. அந்தக் கட்டத்தில் இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். திசுவுக்குள் புழு நடமாடும்போது உடல் அனுப்பும் காவலர்கள் அவை.

வளர்ந்த பெண் அஸ்காரிஸ் 20 முதல் 35 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், பென்சில் பருமன். குடற்சுவரை அது கவ்விக்கொண்டிருப்பதில்லை. குடலில் உணவு போகும் திசைக்கு எதிராக ஓயாமல் நெளிந்து நெளிந்து நீந்தித்தான் இடத்தைக் காத்துக்கொள்கிறது. செரிமான நொதிகள் அதைக் கரைத்துவிடாதா என்று கேட்கலாம். அந்த நொதிகளின் வேலையை முடக்கும் பொருள்களை அது தானே சுரக்கிறது. ஆயுள் ஒன்று முதல் இரண்டு ஆண்டு. புதிதாக முட்டை எதுவும் உள்ளே போகாவிட்டால், மருந்தே இல்லாமல்கூடப் புழுக்கள் வயதாகி இறந்து வெளியேறிவிடும். இதுவும் 'பஸ் கணக்கு' சரி என்பதற்குச் சான்று.

தோலைத் துளைத்து வரும் கொக்கிப்புழு

கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கெடுதலில் அது அஸ்காரிஸைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

இதன் முட்டை மண்ணில் ஓரிரு நாளில் பொரித்துவிடும். வெளிவரும் இளம்புழு ஐந்து முதல் பத்து நாளில் தொற்றும் பருவத்தை அடைந்து, ஈர மண்ணில் காத்திருக்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வாய்க்குள் எதுவும் போகத் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்தது ஒரு விபத்து. கெய்ரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெர்மானியரான ஆர்தர் லூஸின் கையில் இளம்புழுக்கள் இருந்த நீர் தவறிச் சிந்தியது. அந்த இடம் எரிந்து சிவந்தது. சில வாரம் கழித்துத் தன் மலத்தைச் சோதித்தபோது கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. 1898-இல் அவர் இதை வெளியிட்டபோது பலர் ஏற்கவில்லை. தொடர்ந்து சோதனை செய்து நிறுவினார்.

தோலிலிருந்து இரத்தம், இரத்தத்திலிருந்து நுரையீரல், அங்கிருந்து தொண்டை, பிறகு குடல். பாதை அஸ்காரிஸின் பாதையைப் போன்றதே. வேறுபாடு குடலில் என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்விக் கிழித்து இரத்தம் குடிக்கிறது. கொக்கிப்புழுவின் இரண்டு முக்கிய இனங்களில் சிறியதான நெக்கேட்டர் புழு ஒன்று ஒரு நாளில் ஏற்படுத்தும் இழப்பு சுமார் 0.03 மில்லிலிட்டர், ஒரு துளிகூட முழுதாக இல்லை. ஆனால் நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். ஓராண்டில் ஒரு லிட்டருக்கு மேல். மற்றோர் இனமான அன்சைலோஸ்டோமா இதைப்போல் ஐந்து மடங்கு அல்லது அதற்கு மேல் குடிக்கும்.

இதை இரும்புச் சத்தின் கணக்கில் பார்த்தால்தான் வலி புரியும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 3 மில்லிலிட்டர் போனால் ஒன்றரை மில்லிகிராம் போகிறது. உடல் ஒரு நாள் உணவிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் இரும்பே ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். குடலில் சிந்தியதில் ஒரு பகுதி மறுபடி உறிஞ்சப்படும் என்றாலும், வரவும் செலவும் தட்டுத்தடுமாறி நிற்கும் நிலை அது. மாதவிடாயில் ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண்ணுக்கும், வயிற்றில் குழந்தையைச் சுமப்பவளுக்கும், வளரும் பிள்ளைக்கும் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், படிப்பில் மனம் ஒட்டாமை. இப்படித் துவண்டு கிடப்பவர்களைச் சோம்பேறிகள் என்று வசைபாடியவர்கள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1909-இல் கொக்கிப்புழு ஒழிப்புத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே, பத்திரிகைகள் இந்தப் புழுவுக்குக் கொடுத்த பட்டமே 'சோம்பல் கிருமி' என்பதுதான்.

கொக்கிப்புழு வெப்பமண்டலத்துக்கே உரியது என்று நினைப்பவர்களுக்கு ஆல்ப்ஸ் மலை பதில் சொல்லும். அந்த மலையைக் குடைந்து கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் வெட்டப்பட்டபோது, 1880 வாக்கில் தொழிலாளர்கள் வெளிறிப்போய்க் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். காரணம் கொக்கிப்புழு. மேலே பனி, ஆனால் சுரங்கத்துக்குள் வெப்பமும் ஈரமும் இருட்டும், கழிப்பிடம் இல்லாத நெருக்கடியும். புழுவுக்கு வேண்டியது நாட்டின் பெயர் அன்று. மலம் கலந்த வெதுவெதுப்பான ஈர மண்.

சாட்டைப்புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம். முன்பாதி மயிரிழை போல மெலிந்தும் பின்பாதி பருத்தும் சாட்டையும் பிடியுமாகத் தெரியும். மெலிந்த பகுதியைப் பெருங்குடல் சுவருக்குள் தைத்துக்கொண்டு கிடக்கும். அஸ்காரிஸ் போலவே முட்டை வழியாகத் தொற்றும், நுரையீரல் பயணம் இல்லை. மிகுதியாக இருந்தால் சீதபேதியும், பிள்ளைகளுக்கு ஆசனவாய் வெளித்தள்ளுதலும் வரும்.

எண்ணிக்கையே நோய்

புழு உள்ளே பெருகாது என்பதால், எத்தனை புழு என்ற கேள்விக்கு இங்கே பெரிய எடை உண்டு. ஓரிரண்டு புழு இருக்கும் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பல் கடிப்பதையோ முகத்தின் வெள்ளைத் திட்டையோ வைத்துப் புழுவைத் தீர்மானிக்க முடியாது. பல் கடிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. வெள்ளைத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியும் மெல்லிய அழற்சியும் சார்ந்தது. இனிப்பு புழுவை உருவாக்குவதில்லை. இனிப்பை எடுத்து வாயில் போட்ட கழுவாத விரலில் முட்டை ஒட்டியிருக்கக்கூடும் என்பது வேறு கதை.

துன்பம் வருவது பெருந்தொற்றில். அஸ்காரிஸ் புழுக்கள் திரளாகச் சேர்ந்தால் குழந்தையின் ஒடுக்கமான குடலை அடைத்துவிடும். சில நேரம் அறுவை சிகிச்சை வரை போகும். ஒற்றைப் புழு பித்தநாளத்துக்குள் தலையை நுழைத்தாலும் கடும் வலி வரும். நீடித்தால் ஊட்டச்சத்து குறைந்து வளர்ச்சி தடைபடும்.

ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட ஒரு செய்தி இருக்கிறது. ஓரூரில் பலருக்குப் புழு இருந்தாலும், மொத்தப் புழுக்களில் பெரும்பங்கு மிகச் சிலரின் உடலிலேயே குவிந்திருக்கும். பலருக்கு இரண்டு மூன்று, ஒருசிலருக்கு நூற்றுக்கணக்கில். மண்ணை நனைக்கும் முட்டைகளும் பெரும்பாலும் அந்தச் சிலரிடமிருந்தே வருகின்றன. அவர்களில் குழந்தைகள் அதிகம். மண்ணில் விளையாடுவதும் விரலை வாயில் வைப்பதும் குழந்தையின் இயல்பு, குற்றம் அல்ல.

விதியை மீறும் இரண்டு புழுக்கள்

உள்ளே பெருகாது, மண்ணில் கிடந்தே ஆக வேண்டும் என்ற விதிக்கு இரண்டு விலக்குகளை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது கீரிப்பூச்சி. இதற்கு மண் தேவையே இல்லை. பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே ஊர்ந்து வந்து, சுற்றியுள்ள தோலில் பத்தாயிரம் அளவுக்கு முட்டைகளை ஒட்டிவிட்டு இறக்கிறது. அந்த முட்டைகள் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தொற்றத் தயாராகிவிடும். அரிப்பு எடுத்துக் குழந்தை சொறிகிறது. முட்டை நகக்கண்ணில் ஏறுகிறது. விரல் வாய்க்குப் போகிறது. மண்ணின் வேலையை நகக்கண் செய்துவிடுகிறது. படுக்கை விரிப்பு, உள்ளாடை, பொம்மை என்று வீடெங்கும் முட்டை பரவும். அதனால் ஒருவருக்கு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து தருவதும், இரண்டு வாரம் கழித்து மறுபடி தருவதும் வழக்கம். முதல் மருந்துக்குத் தப்பிய முட்டைகள் அதற்குள் புழுவாகியிருக்கும். மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் அகப்படாது. காலையில் குளிப்பதற்கு முன் ஒட்டும் டேப்பை ஆசனவாயருகே ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே சரியான சோதனை. எரிச்சல் தரும் புழு. ஆபத்தான புழு அல்ல. வீடு அழுக்கு என்பதற்கான அடையாளமும் அல்ல.

இரண்டாவது ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ், முதலில் சொன்ன நான்கில் சேராத இன்னொரு குடல் உருளைப்புழு. இதன் முட்டை குடலுக்குள்ளேயே பொரித்துவிடும். வெளிவரும் இளம்புழுக்களில் சில, உடலை விட்டு வெளியேறாமலே தொற்றும் பருவத்தை அடைந்து, குடற்சுவர் வழியாக மறுபடி உள்ளே நுழையும். இதற்குத் தன்தொற்று என்று பெயர். இங்கே மட்டும் பஸ்ஸுக்குள்ளேயே பயணிகள் பிறக்கிறார்கள். எனவே ஒருமுறை வந்த தொற்று பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் தொடரலாம். அந்த நபருக்கு வேறு ஏதோ நோய்க்காக ஸ்டீராய்டு மருந்து கொடுத்து நோய் எதிர்ப்பு தளர்ந்தால், புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உடலெங்கும் பரவும், உயிரையே பறிக்கும். சந்தேகம் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே இதைச் சோதித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாது

குடற்புழு நீக்க மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது அல்பெண்டசோல் அல்லது மெபெண்டசோல். புழுவின் உயிரணுக்களுக்குள் பொருள்களை எடுத்துச்செல்லும் நுண்குழல்கள் இருக்கின்றன. மருந்து அவற்றைக் கட்டவிடாமல் தடுக்கிறது. புழுவால் சர்க்கரையை உள்ளிழுக்க முடியாமல் போகிறது. சில நாளில் பட்டினியால் மடிகிறது. குடலில் இறந்த புழு செரிக்கப்பட்டோ மலத்தோடோ போய்விடும். மாத்திரை போட்ட மறுநாள் புழு எதுவும் விழவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம்.

பெருந்திரளாக மருந்து தரும் திட்டங்களில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை தரப்படுகிறது. ஒரு வயது முடிந்து இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு அதில் பாதி. இந்த ஒரு வேளை அஸ்காரிஸுக்கு நன்றாகவும், கொக்கிப்புழுவுக்கு ஓரளவும், சாட்டைப்புழுவுக்குக் குறைவாகவும் வேலை செய்கிறது. ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸுக்கு ஐவர்மெக்டின் என்ற வேறு மருந்து வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரைகளைத் தவிர்க்கிறார்கள். எனவே கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மாத்திரை தடுப்பூசி இல்லை. இன்று உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை விழுங்கப்போகும் முட்டையைத் தடுக்காது. பஸ்ஸைக் காலி செய்யும், நிறுத்தத்தில் நிற்கும் கூட்டத்தை ஒன்றும் செய்யாது. மண்ணில் முட்டை நிறைந்த இடங்களில், மருந்து கொடுத்த ஓராண்டுக்குள் அஸ்காரிஸ் ஏறக்குறையப் பழைய அளவுக்கே திரும்பிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'மாத்திரை கொடுத்தும் மறுபடி வந்துவிட்டது' என்று பெற்றோர் சொல்வது மருந்தின் தோல்வியன்று. அதே மண், அதே முட்டை.

இருந்தும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மாத்திரை தருவதில் பெரும் பயன் உண்டு. எண்ணிக்கையே நோய் என்று பார்த்தோம் அல்லவா? புழு திரும்பினாலும் நூறாகக் குவிய நேரம் கிடைப்பதில்லை. குழந்தை வளரும் ஆண்டுகளில் அந்த அவகாசம் பெரிது. ஆனால் வட்டத்தையே அறுக்க வேண்டுமானால் மலம் மண்ணை அடையக் கூடாது. கழிப்பறை, அதன் குழி, அந்தக் கழிவைப் பாதுகாப்பாகக் கையாளும் ஏற்பாடு. காலில் செருப்பு, கழுவிய கை, ஓடும் நீரில் கழுவிய காய்கனி ஆகியவை தனி மனிதருக்கான கவசங்கள். ஒரு வீட்டில் மட்டும் கழிப்பறை இருந்தும் அக்கம்பக்கத்து மண் நனைந்துகொண்டே இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளையும் தப்பாது. இந்த நோயைத் தனிப்பட்ட ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

குடலைத் தாண்டிய உறவினர்கள்

யானைக்கால் நோயைத் தருவதும் உருளைப்புழுதான். பெரும்பாலும் வூச்செரேரியா என்ற இனம். வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் ஆறு முதல் எட்டு ஆண்டு வாழ்ந்து, மைக்ரோஃபைலேரியா என்னும் நுண்ணிய குஞ்சுகளை லட்சக்கணக்கில் இரத்தத்தில் விடுகின்றன. உலகின் பல பகுதிகளில் அவை இரவில்தான் இரத்தத்தில் மிதந்து வருகின்றன. கொசு கடிக்கும் நேரம் அது. இங்கும் நம் விதி நிற்கிறது. அந்தக் குஞ்சுகள் மனித உடலிலேயே பெரிய புழுவாக முடியாது. கொசுவின் உடலுக்குள் போய் வளர்ந்தாக வேண்டும். மண்ணுக்குப் பதில் கொசு. 1877-இல் பேட்ரிக் மேன்சன் கொசுவின் உடலுக்குள் இந்த வளர்ச்சியைக் கண்டார். பூச்சியொன்று மனித நோயின் ஒட்டுண்ணியைச் சுமந்து வளர்க்கிறது என்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்தது. கொசுவும் இவற்றைப் பெருக்குவதில்லை, வளர்க்க மட்டுமே செய்கிறது. ஆகையால் ஓரிரு கடியில் இந்த நோய் வருவது அரிது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட்டவர்களுக்கே வருகிறது.

கடைசியாக நரம்புச்சிலந்தி. சிலந்தியும் இல்லை, நரம்பும் இல்லை. ஒரு மீட்டர் வரை நீளும் உருளைப்புழு. குளத்து நீரில் வாழும் கடுகினும் சிறிய நீர்த்தெள்ளு ஒன்றுக்குள் இதன் இளம்புழு இருக்கும். அந்த நீரை அப்படியே குடித்தால் உள்ளே போகிறது. ஓராண்டு கழித்துப் பெண் புழு பெரும்பாலும் கணுக்காலருகே கொப்புளமாக வெளிவருகிறது. நெருப்புப் பட்டது போன்ற எரிச்சல். தாங்க முடியாமல் காலை நீரில் வைப்பார்கள். புழு அந்த நொடியில் லட்சக்கணக்கான இளம்புழுக்களை நீரில் விடும். குச்சியில் சுற்றி நாளுக்குச் சில சென்டிமீட்டராக இழுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை.

1986-இல் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரை வாட்டிய நோய் அது. குடிநீரை நெருக்கமான நெசவுத் துணியில் வடிகட்டினார்கள். கொப்புளம் வந்தவரைக் குளத்தில் இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் கணக்கெடுத்தார்கள். புழுவின் வாழ்க்கையில் உடலுக்கு வெளியே இருந்த பாதியை மட்டுமே தாக்கினார்கள். 2023-இல் உலகம் முழுவதும் பதிவான மனித நோயாளிகள் 14 பேர். ஆனால் 2012 முதல் சாட் நாட்டில் நாய்களின் கால்களிலிருந்தும் அதே புழு வெளிவருவதைப் பார்த்துவருகிறார்கள். இப்போது அங்குள்ள தன்னார்வலர்களின் வேலை, புழு தலைகாட்டிய நாயைக் கட்டிப்போட்டு, அது தண்ணீருக்குப் போகாமல் காவல் காப்பது.